கிளாட்டர் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய சம்பந்திக்கு

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் என்றால் முதலில் இந்தப் பக்கத்துச் சுகத்தைச் சொல்லி, அந்தப் பக்கத்துச் சுகத்தைக் கேட்க வேண்டுமாம். இந்தப் பக்கத்தில் என் முழங்கால் சுகமில்லை, சமையலறைக் குழாய் சுகமில்லை, தங்கள் மாப்பிள்ளை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மற்றபடி குறையொன்றுமில்லை. தங்கள் சர்க்கரை, தங்கள் கண் ஆபரேஷன், தங்கள் பால்கனியில் உள்ள பூந்தொட்டிகள் எல்லாவற்றையும் தனித்தனியே விசாரித்ததாகத் தயவுசெய்து எண்ணிக்கொள்ளவும். எனக்கு எழுத்து தெரியாது என்பது தங்களுக்குத் தெரியாதது அல்ல; ஃபாக்டரியில் என் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தியவரே தாங்கள்தான். ஃபோனில் பேசலாமென்றால் என் காதை அந்த டப்பா ஃபாக்டரி எப்போதோ வாங்கி வைத்துக்கொண்டது, திருப்பித் தரவில்லை. எதிரில் உட்கார்ந்து வாயசைத்தால்தான் எனக்குப் பேச்சு. ஆகையால் நான் சொல்லச் சொல்ல எழுதுவது தங்கள் மகள். சொன்னதை மாற்றக் கூடாது, அப்பாவைத் திட்டும் இடம் வந்தால் பேனாவைக் கீழே வைக்கக் கூடாது என்று எங்களுக்குள் ஒப்பந்தம். "ரொம்ப மோசமா இருந்தா என்ன செய்யறது மாமா?" என்றாள். "கண்ணை மூடிக்கிட்டு எழுதும்மா" என்றேன். "அப்பாவுக்கு என் கையெழுத்து கண்ணைத் திறந்து எழுதினாலே புரியாது" என்கிறாள். அதுவும் ஒரு விதத்தில் நல்லதே.

ஆற்றுப் பாலம் நடுவில் விரிசல் விட்டு, பஸ்ஸெல்லாம் இக்கரையோடு நின்று, அக்கரைக்கு ஜனங்கள் படகில் போய்வந்த வருஷம். இரட்டைத் தலைக் கன்றுக்குட்டி என்று கூடாரம் போட்டு ஊரையே ஏமாற்றிவிட்டுப் போனார்களே, அதே வருஷம். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற இடத்திலேயே போஸ்ட்மாஸ்டர் உட்கார்ந்து உயிரை விட்ட வருஷம். அந்த வருஷம்தான் தாங்கள் எங்கள் ஃபாக்டரிக்கு அதிகாரியாக வந்து சேர்ந்தீர்கள். பாலத்தைக்கூட அப்புறம் புதுசாகக் கட்டிவிட்டார்கள், தங்களைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. முதல் நாள் இரும்புப் படிக்கட்டின் உச்சியில் வெள்ளைச் சட்டையோடு நின்று கீழே பார்த்தீர்கள். கீழே நாங்கள் எல்லோரும், பஞ்ச் மிஷின் எல்லாம், சறுக்கில் உருண்டு விழுகிற பால்பவுடர் டப்பா எல்லாம். முகத்தைச் சுளித்து ஒரே ஒரு வார்த்தை சொன்னீர்கள். அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? ஆனால் நாங்கள் வாயைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள். மேலே கிரேன் ஓட்டுகிறவன், கொக்கி என்று கூப்பிடுவோம், முதலில் பார்த்து, மூடி அடிக்கிற மிஷினில் நின்ற குள்ளனுக்கு (அவன் பெயரே மூடிதான்) சைகை காட்ட, அவன் எனக்குக் காட்ட, மூன்று பேரும் அதே மாதிரி வாயைக் கோணிப் பார்த்தோம். கிளா... ட்டர். ஆபீஸ் குமாஸ்தாவிடம் போய் விசாரித்தோம். "சத்தம்னு அர்த்தம்பா. சும்மா சத்தமில்லே, கெட்டியான சாமானுங்க ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிட்டே இருந்தா வருமே, அது" என்றார். அன்றைக்கே தங்களுக்குக் கிளாட்டர் சார் என்று பெயர் வைத்தாயிற்று. தங்களுக்கு இது தெரிந்திருக்காது. இப்போது தெரிந்துகொள்ளவும். உங்கள் மகள் சிரிக்கிறாள்.

அதற்கப்புறம் உங்கள் வாயில் வேறு வார்த்தையை நாங்கள் பார்த்ததே இல்லை. சறுக்கில் டப்பா விழுந்தால் கிளாட்டர். ஷிஃப்ட் முடிந்து கட்டை வைத்த பூட்ஸோடு நாங்கள் இரும்புப் படியில் இறங்கினால் கிளாட்டர். கேன்டீனில் தட்டு கழுவினால் கிளாட்டர். மூடி பரிசோதிக்கிற பெண்பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து பேசினால் அதுவும் கிளாட்டர். உங்கள் அறை வாசலிலேயே உட்கார்ந்து உங்கள் கடிதத்தையே டைப் அடித்த அந்த அம்மாளின் மிஷினும் கிளாட்டர் என்று கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினீர்கள். நம் பேச்சில் பாத்திரத்துக்குக் கடமுட, படிக்கட்டுக்குத் தடதட, ஆட்டங்கண்ட சாமானுக்கு லொடலொட, வாய்க்குச் சளசள என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பாத்தியதை இருக்கிறது. அந்த இங்கிலீஷ்காரன் எல்லாவற்றையும் ஒரே கோணியில் போட்டுக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான் போலிருக்கிறது என்று நான் சொன்னதற்கு, தங்கள் மகள், "அப்படியில்லை மாமா, அவங்க கிட்டேயும் வேற வேற நிறைய இருக்கு. எங்க அப்பாவுக்கு ஒண்ணுதான் தெரியும்" என்கிறாள். இதை நான் சொல்லவில்லை. அவள் சொன்னது. எழுதிக்கொண்டே தலையில் அடித்துக்கொள்கிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஃபாக்டரியில் ஒருத்தன் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறான் என்றால் மாலை கிடையாது, பேச்சு கிடையாது. பேசினால் யாருக்குக் கேட்கும்? கடைசி நாள் கடைசி மணி அடித்ததும் லைனை நிறுத்திவிடுவார்கள். அவன் தன் மிஷினிலிருந்து கிளம்பி கேட் வரைக்கும் நடுவழியே நடப்பான். இரண்டு பக்கமும் நாங்கள் நின்று, யார் கையில் என்ன இருக்கிறதோ, ஸ்பானர், தகடு, காலி டப்பா, மூடி, எல்லாவற்றையும் எடுத்துத் தட்டுவோம். தாளம் கிடையாது. தாளம் போட்டால் அது வேறு. அவனவன் இஷ்டத்துக்கு, ஒருத்தன் தட்டுகிறதை இன்னொருத்தன் தட்டு வந்து மிதிக்கிற மாதிரி. காது போனவன்கூட அதைக் காலால் கேட்கலாம். தரை சொல்லும். நெஞ்செலும்பு சொல்லும். எத்தனை பெரிய முரடனும் பாதி வழியில் கண்ணைத் துடைப்பான். ஒருவன் ஃபாக்டரியில் இருந்தான் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி, சம்பந்தி. அதற்கு எங்களிடம் பெயரே இல்லாமல் இருந்தது. நீங்கள் வந்து பெயர் கொடுத்தீர்கள். "உனக்கு எப்போடா கிளாட்டர்?" என்றால் எப்போது ரிடையர் ஆகிறாய் என்று அர்த்தம். "அண்ணனுக்குக் கிளாட்டர் ஆயிடுச்சு" என்றால் அண்ணன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். இந்த உபகாரத்துக்கு உங்களுக்கு நாங்கள் கடமைப்பட்டவர்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை.

அப்புறம் பீப்பாய் என்று நாங்கள் கூப்பிடுகிறவன் காலில் தகடு விழுந்தது. அதையும் நான் மறைக்கப் போவதில்லை. யாருக்கோ தட்டி அனுப்புகிற நாள். பெயின்ட் டப்பா பகுதியில் வேலை பார்த்த அவன், வயிறு பெருத்தவன், தகடு அடுக்கின் மேல் ஏறி நின்று ஆவேசமாகத் தட்டினான். அடுக்கு சரிந்தது. மேலேயிருந்து கொக்கி கத்தியிருக்கிறான், கீழே ஒரு காதுக்கும் எட்டவில்லை. பீப்பாய்க்கு இடது காலில் விரல்கள் போயின. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே, "தட்டு நல்லா இருந்துச்சா?" என்று கேட்டவன் அவன். நீங்கள் அவனைப் பார்க்கப் போனீர்கள், பழம் வாங்கிக்கொண்டு போனீர்கள், அதுவும் எனக்கு மறக்கவில்லை. ஆனால் திரும்பி வந்து போர்டில் ஒரு காகிதம் ஒட்டினீர்கள். இங்கிலீஷில். குமாஸ்தா வந்து படித்துச் சொன்னார்: இனிமேல் கிளாட்டர் கிடையாது. அதைக் கேட்டதும் கொக்கி கிரேனிலிருந்து இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டான். "இனிமே ரிடையர்மென்டே கிடையாதாம்டா! சாகிற வரைக்கும் வேலைதான்! கிளாட்டர் சார் தங்கமான மனுஷன்டா!" கேன்டீனில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். மறுநாள் குமாஸ்தா விளக்கிச் சொன்னபோது அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குடித்த டீயைத் திருப்பிக் கொடுங்கடா என்று ஒவ்வொருவனாகப் பிடித்துக் கேட்டான்.

அந்தக் காகிதத்துக்கு அப்புறம் முதலில் வந்தது என் கடைசி நாள்தான். அடுக்கில் ஏற வேண்டாம், தரையில் நின்று தட்டட்டும் என்று எழுதியிருக்கலாம். டப்பா மட்டும் தட்டலாம், தகடு வேண்டாம் என்று எழுதியிருக்கலாம். எழுதத் தெரிந்தவர் நீங்கள். உங்களிடம் வந்து கேட்டோமே, மூடி கேட்டான், கண்ணாடியம்மா கேட்டாள், மூடிப் பரிசோதனையில் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே, அந்த அம்மாள் அதிகாரி அறைக்குள் காலெடுத்து வைத்ததே அன்றைக்குத்தான். "ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா" என்றீர்கள். சரி. மணி அடித்தது, லைன் நின்றது, நான் நடந்தேன். இரண்டு பக்கமும் எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். நான் மூடியிடம் வாயசைத்துக் கேட்டேன், "தட்டறாங்களாடா? எனக்குச் சுத்தமா கேக்கலே." அவன் தலையைக் குனிந்துகொண்டான். அப்போதுதான் அவன் கையைப் பார்த்தேன். சம்பந்தி, வாழ்நாள் பூரா வேலை பார்த்த இடத்தில் முதல் முதலாக என் பூட்ஸ் தரையில் வைக்கிற அதிர்வு மட்டும், தனியாக, எனக்கு வந்தது. யாரோ முன்பின் தெரியாத ஆள் நடந்து போகிற மாதிரி. கேட்டில் நீங்கள் நின்று கையைக் குலுக்கி ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தீர்கள். நல்ல கடிகாரம். முள் நகர்வது தெரியாது, டிக் டிக் கிடையாது. செவிடனுக்குச் சத்தமில்லாத கடிகாரம் கொடுத்த முதல் மனிதர் உலகத்திலேயே நீங்களாகத்தான் இருக்கும்.

அத்தோடு முடிந்திருந்தால் நானும் என் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருப்பேன். விதி எங்கே விட்டது! என் பையன் காலேஜுக்குப் போனான், அங்கே ஒரு பெண்ணைப் பார்த்தான், வீட்டில் வந்து சொன்னான், பெண்ணைப் பெற்றவர் யாரடா என்று கேட்டால் நீங்கள்! என் வீட்டுக்காரி அன்றைக்கு இருந்தாள். அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தட்டு கீழே விழுந்து, எனக்குக்கூடக் கேட்டது. கல்யாணத்தில் மைக் வேண்டாம், பாட்டு வேண்டாம், சாப்பாட்டுப் பந்தியில் ஸ்டீல் பாத்திரம் வேண்டாம் என்று நீங்கள் போட்ட உத்தரவெல்லாம் நான் சகித்துக்கொண்டேன். ஏனென்றால் பெண் நல்ல பெண். (இதை எழுத வெட்கமாக இருக்கிறதாம். எழுதும்மா, ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.) நான் தட்டை வைத்தால் டங்கென்று வைக்கிறேனாம், நாற்காலியை இழுத்தால் கீழ் வீட்டுக்காரர் கூரையைப் பார்க்கிறாராம், உங்கள் மாப்பிள்ளை நாற்காலிக் கால் எல்லாவற்றுக்கும் ரப்பர் மாட்டினான். என் கைத்தடிக்கும் ரப்பர். என் டம்ளர் பிளாஸ்டிக். இன்னும் கொஞ்ச நாளில் எனக்கே அடியில் ரப்பர் ஒட்டிவிடுவான் என்று நினைக்கிறேன். இவள் மட்டும்தான் என்னை எதற்காவது கூப்பிட வேண்டுமென்றால் மேஜையில் கரண்டியால் நாலு தட்டுத் தட்டுவாள். கையை மேஜைமேல் வைத்திருந்தால் எனக்கு வந்துவிடும்.

ஃபாக்டரி மூடினது உங்களுக்குத் தெரியும். இப்போது அந்த இடத்தில் மெத்தைக் கடை. போய்ப் பார்த்தேன். பஞ்ச் மிஷின் நின்ற இடத்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் மெத்தையில் படுத்துப் படுத்து எழுந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊசி விழுந்தால் கேட்கும், கேட்கிறவனுக்கு. உங்கள் காகிதத்துக்கு அப்புறம் வெளியே போனவர்களில் எங்களுக்குள் பழக்கம் விடாமல் இருந்தது ஐந்து பேர். பீப்பாய், கண்ணாடியம்மா, கொக்கி, மூடி, நான். ஒருவருக்கும் கேட்டில் கிடைக்கவில்லை. ஒரு நாள் பார்க்கில் உட்கார்ந்து சத்தியம் பண்ணினோம். அந்த கேட்டில் இல்லாவிட்டால் போகிறது, உலகத்தை விட்டே கிளம்புகிற அன்றைக்கு மிச்சம் இருக்கிறவர்கள் வந்து தட்டி அனுப்ப வேண்டும். பிள்ளைகள் தட்டக் கூடாது, கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது. அந்தக் கூரைக்குக் கீழே நின்று வேலை பார்த்தவன் கைதான் தட்ட வேண்டும். மற்றவன் தட்டினால் வெறும் தகரம்.

பீப்பாய்க்கு நாலு பேர் தட்டினோம். அவன் சம்சாரம் கோபிக்கவில்லை. "கால் விரல் போனபோதுகூட இதைத்தானே கேட்டுக்கிட்டிருந்தாரு, நல்லாத் தட்டுங்க" என்று உள்ளேயிருந்து தன் இட்டலிச் சட்டி மூடியையே கொண்டுவந்து கொடுத்தாள். கண்ணாடியம்மாவுக்கு மூன்று பேர். அவள் பேத்தி வீடியோ எடுத்தாள். கொக்கிக்கு நாங்கள் இரண்டு பேர். கொக்கி வீட்டு மாடிப் படியில் மூடி மேலே, நான் கீழே. போதாது என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. போன வாரம் மூடி போய்விட்டான்.

மூடியின் மகன் பெரிய கட்டடத்தில் இருக்கிறான். லிஃப்ட் சத்தமில்லை, கதவு சத்தமில்லை, வந்திருந்தவர்கள் காலில் சாக்ஸ். அழுவதைக்கூட கைக்குட்டைக்குள் அழுதார்கள். வந்து நின்ற வண்டி பேட்டரியில் ஓடுகிற வண்டியாம், பின்னால் வந்து நின்று என் இடுப்பில் இடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் பையிலிருந்து ஒரு ஸ்டீல் டப்பா மூடியையும் ஸ்பானரையும் எடுத்தேன், தட்டினேன். முதல் தட்டிலேயே எல்லோரும் திரும்பினார்கள். இரண்டாவது மாடி ஜன்னல் திறந்தது. குப்பை வண்டி வந்துவிட்டது என்று நினைத்து ஓர் அம்மாள் இரண்டு கையிலும் வாளியோடு ஓடிவந்து, மூடியின் பக்கத்தில் நின்றுகொண்டு, "எங்கே கொட்டணும்?" என்று என்னைக் கேட்டாள். இன்னொருத்தர் கேஸ் சிலிண்டர்க்காரன் என்று நினைத்துக் காலி சிலிண்டரை உருட்டிக்கொண்டே லிஃப்டிலிருந்து வெளியே வந்தார். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு அங்கே கொஞ்சமாவது உருப்படியான சத்தம் போட்டது அந்த சிலிண்டர்தான். மூடியின் மகன் வந்து என் கையைப் பிடித்தான். "பெரியப்பா, ப்ளீஸ்" என்றான். அவன் வாய் நடுங்கியது, அதனால் மீதி என்ன சொன்னான் என்று எனக்குப் படிக்க முடியவில்லை. என்னைக் கொண்டுபோய் வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மூடி சத்தமில்லாமல் போய்விட்டான்.

நான் வருத்தப்படுவது அவமானத்துக்கு இல்லை. அவமானம் எனக்குப் பழக்கம். ஒருத்தன் தட்டினால் அது கிளாட்டரே இல்லை, சம்பந்தி. டொக். டொக். கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. உள்ளேயிருந்து யாரும் திறக்காத கதவை.

மூடியின் மகன் உங்கள் மாப்பிள்ளைக்குப் போன் பண்ணினான், உங்கள் மாப்பிள்ளை உங்களுக்குப் போன் பண்ணினான், நீங்கள் மகளுக்குச் செய்தி அனுப்பினீர்கள். இவள் என்னிடம் காட்டாமல் மறைக்கப் பார்த்தாள். நான் விடவில்லை. வாசித்துக் காட்டினாள். "உன் மாமனாரிடம் பக்குவமாகச் சொல். இனிமேல் கிளாட்டர் வேண்டாம்." போர்டில் ஒட்டிய அதே வார்த்தை. பாலம் கட்டி, கட்டிய பாலமும் பழசாகி, ஃபாக்டரி போய் மெத்தைக் கடை வந்தும் உங்களிடம் அந்த வார்த்தை மாத்திரம் துருப்பிடிக்கவில்லை. அப்படி என்னதான் அர்த்தம் அதற்கு, இன்றைக்கு முழுசாகப் பார்த்துவிடலாம் என்று ஃபோனில் இருக்கிற அகராதியை எடுக்கச் சொன்னேன். ஒவ்வொன்றாகப் படித்தாள். கெட்டியான பொருட்கள் அடுத்தடுத்து மோதுகிற சத்தம். சரி. அப்படிச் சத்தம் எழ ஓடுவது, இறங்குவது. சரி, ஷிஃப்ட் விடுகிற நேரம். வீண் பேச்சு, சளசளப்பு. சரி, கண்ணாடியம்மாவும் கூட்டாளிகளும். "அப்புறம்?" "அவ்வளவுதான் மாமா." "நல்லாப் பாரும்மா. ஒருத்தன் கிளம்பறப்போ மத்தவங்க சேர்ந்து தட்டி அனுப்பறதுன்னு இருக்கும்." கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "இல்லே மாமா." "உங்கப்பா அங்கேயும் போய்க் காகிதம் ஒட்டிட்டாரா?" என்றேன். அதற்குச் சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

உங்கள் மாப்பிள்ளை தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னான். "அப்பா, ஃபாக்டரி சத்தம் நெட்டுல கிடைக்கும். உங்களுக்கு நேரம் வர்றப்போ ஸ்பீக்கர்ல போட்டுடறேன். வேணும்னா வால்யூம் குறைச்சு." குறைச்சு! பெற்ற பிள்ளை! நான் கேட்கிறது சத்தம் இல்லையடா, சத்தம் வேண்டுமென்றால் இந்தக் காதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன்? எனக்கு வேண்டியது ஆள். நான் அங்கே நின்றேன், என் கை வேலை செய்தது, நான் போகிறேன் என்பது தெரிந்த ஓர் ஆள் என் பக்கத்தில் நின்று தட்ட வேண்டும். ஐந்து பேரில் நாலு பேருக்கு நான் தட்டியாயிற்று. எனக்குத் தட்ட யாருமில்லை. இரண்டாந்தடவையும் நான் என் பூட்ஸ் மட்டும் கேட்டுக்கொண்டு போக வேண்டும். அன்றைக்குப் பூட்ஸும் இருக்காது.

இதற்கெல்லாம் மூலம் தாங்கள்தான். அன்றைக்கு அந்தக் காகிதத்தைக் கொஞ்சம் தள்ளி, என் கடைசி நாளுக்கு அடுத்த வாரம் ஒட்டியிருந்தால், நான் இப்போது யார் தட்டுவார்கள் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்க மாட்டேன். ஆகையால் தீர்மானமாகச் சொல்கிறேன். எனக்கு நேரம் வரும்போது தாங்கள் வர வேண்டியதில்லை. சத்தமில்லாத பூ அனுப்ப வேண்டியதில்லை. செய்தி கேட்டு இரண்டு நிமிஷ மௌனம் இருக்க வேண்டியதில்லை, தங்கள் மௌனம் எனக்கு ஏற்கனவே நிறையக் கிடைத்திருக்கிறது. இருக்கிற காலத்தில் பேரப்பிள்ளையைப் பார்க்க எப்போதும் போல் வரலாம், நான் என் அறையில் இருந்துகொள்கிறேன். உங்கள் மகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். ஒப்பந்தத்தை நினைவுபடுத்தினேன். எடுத்துக்கொண்டாள்.

மற்றபடி தங்கள் கண்ணும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கவும், சம்பந்தியம்மாளின் முதுகுவலி தணியவும், தங்கள் பூந்தொட்டிகள் தழைக்கவும், பேரப்பிள்ளை தங்களைப் போலப் படித்து என்னைப் போலச் சத்தமாகச் சிரிக்கவும் வேண்டிக்கொள்கிற,

தங்கள் சம்பந்தி
(கட்டைவிரல் ரேகை. மை தங்கள் பேரன் ஓவியம் வரைகிற ஊதா.)

பின்குறிப்பு: மேலே கண்ட எல்லாவற்றையும் அடித்துவிடச் சொன்னேன். அடித்தால் காகிதம் கிழியும், அப்படியே போகட்டும் மாமா என்கிறாள். ஆகையால் எழுதாத மாதிரி நினைத்துக்கொள்ளவும். தாங்கள் அவசியம் வர வேண்டும். ஸ்பானர் கனமாக இருந்தால் கரண்டி போதும். உங்கள் கை நடுங்கும், நடுங்கட்டும், தாளம் தப்பினால்தான் நல்லது. ஒருத்தர் தட்டினால் ஆகாது என்று மேலே சொன்னதையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், ஆகும். நடந்தது இதுதான். கடிதத்தை மடிக்கப் போனவள் நிறுத்தி, "ஐந்து பேரை விடுங்க மாமா, அந்தக் கூரைக்குக் கீழே வேலை பார்த்தவங்க இன்னும் யாராவது இருப்பாங்க, நிதானமா யோசிங்க" என்றாள். யோசித்தேன். எனக்கு ஒரு முகமும் மறக்கவில்லை. ஆபீஸ் குமாஸ்தா, பாலத்தைப் புதுசாகத் திறந்த வருஷமே போய்விட்டார். கேட் வாட்ச்மேன் போய்விட்டான். எண்ணெய் போடுகிற நெட்டையன், மகன் வீட்டுக்குப் போன இடத்தில். கேன்டீன் அண்ணன், அப்புறம் அவர் தம்பி. டைப் அடித்த அம்மாள் சென்ற மழைக்காலம். பஞ்ச் மிஷின் மெக்கானிக் இருக்கிறான் என்று நினைத்தேன், இல்லையாம், ஃபோனில் பார்த்துச் சொன்னாள். லைனை மொத்தமாகக் கண்ணுக்கு முன்னால் ஓடவிட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒவ்வொரு மிஷினாகப் பார்த்துக்கொண்டே போனேன், ஒவ்வொன்றின் முன்னாலும் ஆளில்லை. அப்படியே தலையைத் தூக்கி இரும்புப் படியைப் பார்த்தேன். "யார் மாமா? பேரைச் சொன்னாத்தானே எழுத முடியும்?" என்கிறாள். எழுதிக்கோம்மா. அந்தக் கூரைக்குக் கீழே நின்னவங்கள்ல, என்னைத் தவிர, இன்னும் உசுரோட இருக்கிறது கிளாட்டர் சார் ஒருத்தர்தான்.